துணைவேந்தருக்குப் பாராட்டு மலர்: என்ன எழுதுவது, எதை விடுவது?

கோப்புக்கட்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். எங்கள் துணைவேந்தர் ஜூன் மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். விரிவுரையாளராக நுழைந்து, துறைத்தலைவராகி, இடையில் பதிவாளர் பொறுப்பும் பார்த்து, கடைசி மூன்று ஆண்டு துணைவேந்தராக இருந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதி இந்த வளாகத்திலேயே கழிந்திருக்கிறது. பாராட்டு விழாவுக்குக் குழு போட்டாயிற்று. மேடை ஒருவருக்கு, விருந்து ஒருவருக்கு, வசூல் ஒருவருக்கு என்று பிரித்துக்கொண்டு, மிஞ்சிய மலர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

துறைகளிலிருந்தும் இணைப்புக் கல்லூரிகளிலிருந்தும் கட்டுரைகள் வந்து குவிகின்றன. ஒரே கட்டுரையை எல்லோரும் மாற்றி மாற்றி எழுதியது போலிருக்கிறது. எளிமையின் இருப்பிடம், கல்விக் கடல், பழகுவதற்கு இனியவர், சொல்லின் செல்வர். பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தத் துணைவேந்தரின் பெயரை வைத்தாலும் கச்சிதமாகப் பொருந்தும். சந்தேகத்தில் முந்தைய துணைவேந்தருக்கு வெளியிட்ட மலரை எடுத்துப் புரட்டினேன். ஒரு கல்லூரி முதல்வர் அதில் எழுதியதையே இப்போதும் அனுப்பியிருக்கிறார். பெயரை மாற்றியிருக்கிறார், கடைசிப் பத்தியில் மட்டும் பழையவரே இன்னும் வாழ்த்துப் பெறுகிறார்.

மனிதர் மோசமானவர் அல்லர். உண்மையாகவே சில நல்ல காரியங்கள் செய்திருக்கிறார். அதனால்தான் இந்தச் சர்க்கரைப் பாகில் அவரை முக்கி எடுக்க மனம் வரவில்லை. ஒரு பல்கலைக்கழகத் தலைவரின் பணியை மதித்து எழுதுவது என்றால் எதை எழுத வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிரிவு

முதலில் வசூலைப் பற்றிச் சொல்லுங்கள் சார். நான் வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு விழாவுக்கு, 'விருப்பத்தின் பேரில்' ஒரு நாள் ஊதியம் பிடித்தம் செய்யப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. விருப்பமில்லாதவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று அடியில் ஒரு வரி. துணைவேந்தருக்குப் பாராட்டு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, துறைத்தலைவர் வழியாக அனுப்புவதற்கு யாருக்குத் துணிச்சல் வரும்? பல்கலைக்கழக நிதியிலிருந்து எடுக்கலாம் என்றால் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் தடை எழுதிவிடுவார்கள். அவர் ஓய்வு பெற்றுப் போய் வெகுகாலம் கழித்தும் அந்தத் தணிக்கைத் தடைக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பது என்னைப் போன்ற ஆட்கள்தான்.

அந்த விழாவில் நான் மேடைக்குப் பின்னால் நின்றேன். பொன்னாடைக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. வரிசையில் வருபவர் போர்த்துவார். புகைப்படக்காரர் பக்கம் திரும்புவார். அவர் கீழே இறங்குவதற்குள் உதவியாளர் அதை உருவிப் பின்பக்கம் கொடுத்துவிடுவார். பின்னால் அலுவலக உதவியாளர் அவற்றை அரிசிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் விலைச்சீட்டே கிழிக்காதவை. வெறுங்கையோடு வந்துவிட்ட ஒரு கல்லூரி முதல்வர், சாக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். அதே பொன்னாடை இரண்டாம் முறை மேடையேறியது. துணைவேந்தர் முதல் முறை சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். பாவம், அவர் என்ன செய்வார்?

திருவல்லிக்கேணிவாசி

மலருக்கு முன்மாதிரி கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் நீண்டகாலம் பல்கலைக்கழகத்தை நடத்தியவர் என்றால் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியாரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். வெள்ளைக்காரக் கவர்னர் வேந்தராக இருந்தபோது நாற்காலியில் உட்கார்ந்தவர். இராஜாஜி, காமராசர், பக்தவத்சலம், அண்ணா எல்லோருடைய ஆட்சியையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். இன்று ஒரு துணைவேந்தருக்கு மூன்று ஆண்டு. அதில் முதல் ஆண்டு கோப்புகளின் இடம் தெரிந்துகொள்ளவும், கடைசி ஆண்டு அடுத்தவர் யார் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவும் சரியாகப் போய்விடுகிறது. பல பல்கலைக்கழகங்களில் அந்த நாற்காலியும் காலியாகி, ஒருங்கிணைப்புக் குழுவின் கையெழுத்தில் பட்டமளிப்பு விழா நடந்த காலத்தையும் பார்த்துவிட்டோம்.

முதலியார் தொழிலால் மகப்பேறு மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். இரட்டையரில் ஒருவர், இன்னொருவர் இராமசாமி முதலியார், மைசூர் திவான், ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவர். இலட்சுமணசாமியும் சளைத்தவர் அல்லர். 1952-53இல் நாட்டின் இடைநிலைக் கல்வியை ஆராய்ந்த ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். 1961இல் உலக சுகாதாரப் பேரவைக்குத் தலைமை தாங்கினார். பத்மபூஷண் 1954, பத்மவிபூஷண் 1963.

இத்தனையும் எழுதிவிட்டுச் சொல்கிறேன், இவற்றை மட்டும் அடுக்கினால் அதுவும் பொன்னாடைதான். பட்டியலில் பதவி இருக்கிறது, மனிதர் செய்த வேலை இல்லை. அவரைப் பற்றி நான் மலர் போட்டால் 1947இல் நடந்த ஒரு கூட்டத்திலிருந்து தொடங்குவேன். அன்னிபெசன்ட் நூற்றாண்டு விழா, மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி. நாடு விடுதலை பெறப் போகிறது, ஊர் ஊராகக் கல்லூரிகள் வேண்டும், செல்வர்கள் முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் பேசினார். கூட்டத்தில் இருந்த அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். அந்த ஆண்டே தொடங்கியும்விட்டார். இன்றைய அழகப்பா பல்கலைக்கழக வளாகத்துக்கு வித்து அந்த மாலையில் விழுந்தது. அதற்கு முன்பே, 1944இல், கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி அதே செட்டியாரின் கொடையில் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்திருந்தது.

கொடுக்கிற மனம் அழகப்பருடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்க வேண்டிய இடத்தில், கேட்க வேண்டியவர் காதில் விழும்படி கேட்டது ஒரு துணைவேந்தரின் வேலை. உங்கள் துணைவேந்தர் எந்தக் கூட்டத்தில் யாரிடம் என்ன கேட்டார், என்ன கிடைத்தது என்று உங்கள் கட்டுரையாளர்களிடம் கேளுங்கள். பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள்.

பழைய கிண்டிக்காரர்

முதலியாரைப் பற்றி எழுதிவிட்டு ஜி.என்.இராமச்சந்திரனை விட்டுவிட்டீர்களே ஐயா. எனக்கு அதுதான் தலையாயது.

1950களின் தொடக்கம். பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குப் பேராசிரியர் தேவை. முதலியார் நேராக சர் சி.வி.ராமனையே அணுகினார். ராமன் தாம் வரவில்லை. தம் மாணவர் இராமச்சந்திரனைச் சொன்னார். இராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பதை ஒட்டி. பணிமூப்பு என்ற தராசில் வைத்தால் எந்தத் தேர்வுக்குழுவும் முகத்தைச் சுளித்திருக்கும். முதலியார் அவரையே பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் கொண்டுவந்தார். ஆண்டு 1952.

அதே காலத்தில் பெர்னல் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் சென்னைக்கு வந்தபோது, கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். நம் தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் இருப்பது. இராமச்சந்திரனுக்குப் பொறி தட்டியது. மாதிரிப் பொருளுக்கு எங்கே போவது? கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கிருந்து கொலாஜனை வாங்கிவந்து எக்ஸ்கதிர் படம் எடுத்துப் பார்த்தார்கள். 1954இல், கோபிநாத் கர்த்தாவும் அவரும் சேர்ந்து, மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய அமைப்பு அது என்று உலகத்துக்குச் சொன்னார்கள். மறு ஆண்டு அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். 1963இல், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட வரைபடத்துக்கு இன்று 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று பெயர். புரதத்தைப் படிக்கிற எந்த நாட்டு மாணவனும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஒரு புரதத்தின் முப்பரிமாண அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், முதலில் அந்த வரைபடத்தில் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்றுதான் பார்ப்பார்கள்.

துணைவேந்தருக்கு இதில் என்ன பங்கு? ஒரு கோணத்தையும் அவர் அளக்கவில்லை. ஆளைத் தேர்ந்தார், கேட்ட கருவிக்குப் பணம் ஒதுக்கினார், குறுக்கே நிற்கவில்லை. 1969இல் முதலியார் பதவியை விட்டுப் போனார். ஓரிரு ஆண்டுகளில் இராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய்விட்டார். இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறு பாராட்டுரை எதற்கு?

நான் அந்த வளாகத்தில் நுழைந்தபோது இருவருமே இல்லை. ஆனால் பழைய ஆய்வக உதவியாளர்கள் துணைவேந்தர் பெயரை ஏதோ வீட்டுப் பெரியவர் பெயரைப் போலச் சொல்வார்கள்.

தமிழ்வழியில் படித்தவன்

எல்லோரும் மெய்ம்மறந்து பேசுகிறீர்கள். 27 ஆண்டுகள் ஒருவரே துணைவேந்தராக இருந்தது ஒரு சாதனையா, நோயா என்று யாராவது கேட்க வேண்டாமா? 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வரும்வரை, சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை விட்டால், தமிழ்நாட்டுக் கல்லூரிகள் முழுவதும் சேப்பாக்கத்தின், அதாவது சென்னைப் பல்கலைக்கழகத்தின், பிடியில். பாடத்திட்டம், தேர்வு, இணைப்பு எல்லாம் ஒரே மேசைக்குப் போக வேண்டும். அந்த மேசையில் ஒரே மனிதர். உயர்கல்வியில் ஆங்கிலமே நீடிக்க வேண்டும் என்ற பக்கம் நின்றவர் அவர். 1960இல் கோவை அரசுக் கல்லூரியில் தமிழ்வழி இளங்கலை வகுப்பு தொடங்கியபோது அதற்குத் தூண்டுகோல் சேப்பாக்கம் அன்று. கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம்.

அவருக்குப் பின் வந்த நெ.து.சுந்தரவடிவேலுவைப் பாருங்கள். பொதுக்கல்வி இயக்குநராக இருந்து காமராசரின் மதிய உணவுத் திட்டத்துக்குத் தோள் கொடுத்தவர். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஓட்டைக் கூரையைத் தெரிந்தவர் துணைவேந்தர் ஆனார். அது மாற்றம். நாற்காலியில் யார் எத்தனை ஆண்டு உட்கார்ந்தார் என்பதை வைத்துப் பெருமை பேசுவது ஜமீன்தார்களைப் பற்றிப் பேசுகிற பழக்கம்.

மலரில் இதற்கெல்லாம் இடம் உண்டா? எதிர்த்தவர் ஒருவர் எழுதிய கட்டுரை ஒன்றாவது இல்லாத பாராட்டு மலரை நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன். சும்மா கொடுத்தாலும் படிக்க மாட்டேன்.

திருவல்லிக்கேணிவாசி

தம்பி, ஆண்டுக்கணக்கு தன்னளவில் பெருமை இல்லை என்பதை நானும் ஏற்கிறேன். அதற்கு உங்களைவிட நல்ல சான்று என்னிடம் இருக்கிறது. மால்கம் ஆதிசேசையா. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். 1975 முதல் 1978 வரை, மூன்றே ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இந்தியாவில் கல்லூரிகளுக்குத் தன்னாட்சி என்பது காகிதத்தில் இருந்த காலம். குழுக்கள் பரிந்துரை செய்வதும் அது அலமாரிக்குப் போவதுமாக இருந்தது. 1978இல் லயோலா, கிறித்தவக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றது அவருடைய முயற்சியில். நாட்டிலேயே முதல் தொகுதி அதுதான். தாமே பாடத்திட்டம் வகுக்கிற, தாமே தேர்வு நடத்துகிற கல்லூரிகள் இன்று நாடெங்கும் இருக்கின்றன. நல்லதோ கெட்டதோ, அந்தக் கதவைத் திறந்ததில் மூன்றாண்டுத் துணைவேந்தர் ஒருவருக்குப் பங்கு உண்டு.

சேப்பாக்கத்தின் பிடி என்றீர்கள். அந்தப் பிடியைத் தளர்த்தியவர் அவரே அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். அதிகாரத்தில் இருந்துகொண்டு அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தவரைப் பாராட்டுவதில் கூச்சம் வேண்டாம்.

ஆனால் முதலியாரை ஜமீன்தார் என்றது அதிகம். இராமானுஜன் கணித நிறுவனம் பண நெருக்கடியில் தள்ளாடியபோது 1957இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. அப்போது யார் துணைவேந்தர்?

தமிழ்வழியில் படித்தவன்

ஆதிசேசையாவை ஒத்துக்கொள்கிறேன் ஐயா. முதலியார் விஷயத்தில் என் கருத்து அப்படியே இருக்கிறது. இராமானுஜன் நிறுவனத்தைக் காப்பாற்றியதற்கு நன்றி. உயர்கல்வியில் ஆங்கிலமே நீடிக்க வேண்டும் என்று நின்றதற்கும் அதே பக்கத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

மேரிலாந்து வாசகி

இந்தியாவுக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாமா? நான் இருக்கும் ஊரிலிருந்து கார் எடுத்தால் பக்கம். பால்டிமோரை ஒட்டிய மேரிலாந்து பல்கலைக்கழக வளாகம், யு.எம்.பி.சி. என்பார்கள். 1966இல் தொடங்கியது. இங்கே துணைவேந்தர் என்ற பதவிக்கு நிகரானவரைத் தலைவர் என்கிறார்கள். ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி 1992இல் பொறுப்பேற்று 2022இல் ஓய்வு பெற்றார். முப்பது ஆண்டு.

அவர் வந்த வழி சாதாரணமானதல்ல. அலபாமாவில் பர்மிங்காம் நகரத்துக் கறுப்பினப் பையன். 1963இல், பன்னிரண்டு வயதில், பள்ளிப் பிள்ளைகளின் உரிமை ஊர்வலத்தில் நடந்ததற்காக ஐந்து நாள் சிறையில் இருந்தார். பத்தொன்பது வயதில் கணிதப் பட்டம், இருபத்து நான்கில் முனைவர். யு.எம்.பி.சி.க்கு வந்தபோது அங்கே கறுப்பின மாணவர்கள் அறிவியல் பாடங்களில் திணறிக்கொண்டிருந்தார்கள். தலைவராவதற்கு முன்பே, 1988இல், பால்டிமோர் செல்வர் ராபர்ட் மேயர்ஹாஃபின் கொடையில் ஒரு திட்டம் தொடங்கினார். தேறாதவர்களைத் தேற்றும் திட்டமாக அதை அவர் வடிவமைக்கவில்லை. நன்றாகப் படிப்பவர்களைப் பொறுக்கி, ஒன்றாகத் தங்கவைத்து, ஒன்றாகப் படிக்கவைத்து, முதலாண்டிலிருந்தே ஆய்வகத்துக்குள் விட்டு, முனைவர் பட்டம்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. முதல் தொகுதியில் 19 பேர், எல்லோரும் கறுப்பின இளைஞர்கள். பிறகு பெண்களுக்கும், 1996 முதல் எல்லா இனத்தவருக்கும் திறந்துவிட்டார்கள். கொரோனா தடுப்பூசிகளில் மாடர்னாவினுடையதற்கு அடிப்படையான ஆய்வில் முன்னின்ற கிஸ்மேக்கியா கார்பெட் இந்தத் திட்டத்தில் படித்தவர்.

அவர் ஓய்வு பெறும்போது எப்படி மதித்தார்கள் என்பதுதான் இந்த இழைக்குத் தொடர்புள்ளது. இங்கும் விருந்து உண்டு, உரைகள் உண்டு, கைதட்டல் உண்டு. ஆனால் 2022 மே மாதம் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தொழிலின் தொடக்கத்தில் இருக்கும் ஆய்வாளர்களில், திறமையான ஆய்வோடு எல்லாப் பின்னணி மாணவர்களையும் வளர்க்கும் ஆய்வகம் நடத்துபவர்களைத் தேர்ந்து ஆதரிக்க 20 ஆண்டுகளில் 150 கோடி டாலர். அந்தத் திட்டத்துக்கு ஹ்ரபோவ்ஸ்கியின் பெயர். 2023இல் முதல் தொகுதியாக 31 பேரைத் தேர்ந்தார்கள். அவர் எந்த வேலையைச் செய்தாரோ, அதே வேலையை வேறு ஆட்கள், வேறு ஊர்களில் தொடர்ந்து செய்யப் பணம் ஒதுக்கி அதற்கு அவர் பெயரை வைத்தார்கள்.

உங்கள் பல்கலைக்கழகத்திடம் 150 கோடி டாலர் இல்லை என்று தெரியும். சிறிய அளவில் ஏன் முடியாது? அரங்கத்துக்குப் பெயர் வைப்பதற்குப் பதிலாக.

கணக்குப்பிரிவு

அம்மா, அரங்கத்துக்குப் பெயர் வைக்கச் செலவு ஒரு பலகை. அறக்கட்டளை வைக்க வேண்டுமானால் மூலதனத்தைத் தொடாமல் வட்டியில் நடத்த வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் வைப்பு வைத்தால் ஆண்டுக்கு ஆறாயிரம், ஏழாயிரம் வட்டி வரும். அதில் ஒரு மாணவனுக்கு விடுதிக் கட்டணம்கூடக் கட்ட முடியாது. எங்கள் பிரிவில் இப்படிப்பட்ட அறக்கட்டளைகள் வரிசையாகத் தூங்குகின்றன. எப்போதோ யாரோ வைத்த ஐயாயிரம் ரூபாய். அதன் வட்டியில் தங்கப்பதக்கம் தர வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கிறது. இன்றைய தங்க விலையில் பதக்கத்துக்கு முலாம்கூடப் பூச முடியாது. சான்றிதழ் மட்டும் கொடுத்துச் சமாளிக்கிறோம்.

செய்வதானால் விருந்துப் பணத்தையும் பொன்னாடைப் பணத்தையும் சேர்த்து ஒரே வைப்பாக வையுங்கள். ஒவ்வொரு கல்லூரியும் பொன்னாடை, மாலை, சட்டமிட்ட வாழ்த்து மடல், ஆளுயர நினைவுப் பரிசு என்று செலவு செய்வதைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை கையில் வந்தால் கணிசமாக இருக்கும்.

கௌரவ விரிவுரையாளர்

மன்னிக்கவும், இந்த இழையில் ஒரு ஆள் குறைகிறார். அவர் நான்.

துணைவேந்தர் ஓய்வு பெறுகிறார் என்றால் விழாக்குழுவில் வரவேற்பு மேசைக்கு நாற்காலி போடுவது நாங்கள். மலருக்கு மெய்ப்புப் பார்ப்பதும் நாங்கள். சார் பெயரில் வரும் கட்டுரையைப் பல நேரம் எழுதிக்கொடுப்பதும் நாங்கள்தான். கோப்புக்கட்டு ஐயா கேட்ட கேள்விக்குப் பதில்: எல்லாக் கட்டுரையும் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் அவற்றை எழுதிய கை ஒன்றாக இருக்கலாம். முதல்வர் கேட்டார், எழுதிக் கொடுத்தேன் என்று என் நண்பர்கள் பலர் சொல்வார்கள்.

கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே சொல்லிவிட்டது. அந்தத் தொகையை நான் பார்த்ததில்லை. கோடை விடுமுறைக்குச் சம்பளமும் இல்லை. நிரந்தரப் பணியிடம் காலியாக இருக்கிறது என்று ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் ஒரு வரி வரும். இராமச்சந்திரனை முப்பது வயதில் பேராசிரியராக்கினார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பதைத் தாண்டிய எத்தனையோ பேர் இங்கே மணிக்கணக்கில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் துணைவேந்தர் தம் காலத்தில் எத்தனை பணியிடங்களை நிரப்பினார்? அரசு அனுமதி கொடுக்கவில்லை என்றால், எத்தனை முறை எழுதிக் கேட்டார்? அந்தக் கடிதங்களின் தேதிகளை மலரில் போடுங்கள். அதைப் படிக்க நான் காத்திருக்கிறேன்.

எழும்பூர் மருத்துவர்

கௌரவ விரிவுரையாளர் எழுதியதைப் படித்துவிட்டு வேறு பேசக் கூச்சமாக இருக்கிறது; இருந்தாலும் பெயர் சூட்டுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

தரமணியில் அடிப்படை மருத்துவ அறிவியலுக்கான பட்டமேற்படிப்பு நிறுவனம் முதலியார் பெயரில்தான் இருக்கிறது. ஏ.எல்.எம். வளாகம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த மூன்று எழுத்து யார் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பலகையில் இருக்கும் பெயர் அப்படித்தான் தேயும். ஆனால் மகப்பேறு மருத்துவம் படிக்கும் பிள்ளைகளிடம் 'முதலியார் மேனன்' என்றால் உடனே அலமாரியைக் காட்டுவார்கள். 1930களில் அவர் எழுதி, பிறகு மேனனும் சேர்ந்து, பதிப்புக்குப் பதிப்பு புதியவர்கள் திருத்திக்கொண்டே வரும் பாடநூல். நான் படித்த பிரதி என் சீனியரிடமிருந்து வந்தது; அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. பிரசவ அறையில் இரவுப்பணியில், குழந்தை குறுக்காகக் கிடக்கிறது என்று தெரிந்த நேரத்தில், டீக்கறை படிந்த அந்தப் பக்கத்தைத்தான் மனத்துக்குள் புரட்டினேன்.

ஆகவே உங்கள் துணைவேந்தர் ஏதாவது பாடநூல் எழுதியிருந்தால், அதைப் புதுக்கி மறுபதிப்புப் போடுங்கள். ஆசிரியராக வாழ்ந்தவருக்கு அதைவிட மகிழ்ச்சி தரும் பரிசு இல்லை. இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. சிலர் எழுதிய பாடநூலை மறுபதிப்புப் போடாமல் இருப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

விழாப்பிரியன்

எல்லோரும் பொன்னாடையைக் கிண்டல் செய்கிறீர்கள். என் அப்பா ஒரு பல்கலைக்கழகத்தில் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றார். அவருக்கு அன்று துணைவேந்தரே ஒரு பொன்னாடை போர்த்தினார். வீட்டுப் பீரோவில் பாச்சை உருண்டை போட்டு அம்மா இன்னும் வைத்திருக்கிறார். நூறு வந்தால் அது சாக்குக்குப் போகும். ஒன்று மட்டும் வந்தால் பீரோவில் இருக்கும். குறை பொன்னாடையில் இல்லை, யாருக்கு யார் போர்த்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. அதே ஜூன் மாதத்தில் உங்கள் அலுவலகத்தில் தோட்டக்காரர், ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் யாராவது ஓய்வு பெறுகிறார்களா? அவர்களையும் அதே மேடையில் ஏற்றுங்கள். துணைவேந்தர் கையால் போர்த்தச் சொல்லுங்கள்.

கோப்புக்கட்டு

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் குழுக்கூட்டம் நடந்தது. இங்கே படித்ததில் பாதியையாவது சொல்லிவிட வேண்டும் என்று போனேன்.

விழாப்பிரியன் சொன்னது உடனே ஏற்கப்பட்டது. ஜூன் மாதத்தில் ஓய்வு பெறும் ஓட்டுநர் ஒருவரும் விடுதிச் சமையலர் ஒருவரும் மேடையில் இருப்பார்கள். அவர்களுடைய ஓய்வூதியக் கோப்பு அன்றைக்குள் முடிந்து ஆணை கையில் கிடைக்க வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை சேர்த்தேன். பதிவாளர் என்னை முறைத்தார், ஆனால் குறித்துக்கொண்டார்.

அறக்கட்டளைக்குப் பொன்னாடைப் பணம் என்பதற்குக் கல்லூரி முதல்வர்கள் தரப்பில் முணுமுணுப்பு. புகைப்படம் இல்லாமல் போய்விடுமாம். இணைப்புக் கல்லூரிகள் சார்பில் ஒரே பொன்னாடை, மீதிப் பணம் வைப்பு நிதிக்கு, கொடுத்த கல்லூரிகளின் பெயர்ப் பட்டியல் மலரில் என்று முடிவாகியிருக்கிறது. பெயர் வரும் என்றதும் முணுமுணுப்பு அடங்கியது.

மலர் விஷயத்தில்தான் இழுபறி. எதிர்த்தவர் கட்டுரைக்குக் குழுத் தலைவர் ஒப்பவில்லை. "கல்யாண வீட்டில் போய்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். எனவே வேறு வழியில் போகிறேன். வந்த கட்டுரைகளை எல்லாம் திருப்பி அனுப்பி, ஒவ்வொருவரும் ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் ஒன்றரைப் பக்கத்தில் எழுத வேண்டும், அதில் துணைவேந்தர் எடுத்த முடிவு ஒன்று இருக்க வேண்டும், அடைமொழி எதுவும் கூடாது என்று கேட்டிருக்கிறேன். கௌரவ விரிவுரையாளர் கேட்ட பணியிடக் கடிதங்களை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கடிதங்கள் இருக்கின்றன, ஒன்றிரண்டில் நல்ல காரமும் இருக்கிறது. துணைவேந்தரிடமே நேரில் போய், மலரில் போடலாமா என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அரசுப் பதில்களையும் சேர்த்துப் போடுங்கள்" என்றார்.

கௌரவ விரிவுரையாளர்

அந்தப் பகுதிக்கு மெய்ப்புப் பார்க்க நான் வருகிறேன். கூலி வேண்டாம்.

கணக்குப்பிரிவு

அரசுக் கடிதங்களை அச்சிடுவதற்கு முன் பதிவாளரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். வாய்மொழி ஒப்புதலைத் தணிக்கையில் ஏற்க மாட்டார்கள். அச்சகத்துக்கு மூன்று விலைப்புள்ளி வாங்கினீர்களா? வண்ணப் பக்கங்களைக் குறைத்தால் பாதிச் செலவு மிஞ்சும். அதையும் வைப்பு நிதியில் சேர்த்துவிடலாம்.

கோப்புக்கட்டு

இரண்டு வந்திருக்கின்றன, மூன்றாவது திங்கட்கிழமை வரும். வண்ணம் அட்டைக்கு மட்டும். கட்டுரைகளுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. பெயரை மாற்ற மறந்த முதல்வருக்கு மட்டும் நானே போன் செய்து சொல்லப் போகிறேன்.